ரெய்டு சாமி காப்பாத்தாது மக்கா!

போன வாரம் நண்பர் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். பரண்ல கிடந்த பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி, ரெண்டு 4 டிபி டிஸ்க்கைச் சொருகி, டிவி ஸ்டாண்டுக்குக் கீழ அய்யனார் மாதிரி உக்கார வெச்சிருக்காரு. ஜெல்லிஃபின், நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் எல்லாம் ஓடுது. கூகுள்காரன் 2021 ஜூன்ல ஃபோட்டோஸ் இலவச இடத்தை நிறுத்தினதுல இருந்து சொந்த சர்வர்தானாம். சந்தோஷம். "பேக்கப் எங்க வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"ரெய்டு ஒன் போட்டிருக்கேன்ல பாஸ், அதான் பேக்கப்."

காபி புரையேறிடுச்சு. இந்த டயலாக்கை நான் கேக்குறது இது எத்தனையாவது தடவைன்னு எண்ணி மாளாது. ஐடியில இருபது வருஷம் ஆணி புடுங்குறவங்களும் இதைத்தான் சொல்றாங்க, அதான் கடுப்பு.

ராசா, ரெய்டு 1 செய்யற வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு டிஸ்க்கு மண்டையைப் போட்டா, இன்னொண்ணை வெச்சு மெஷின் நிக்காம ஓடும். அவ்ளோதான். நீங்க தூக்கக் கலக்கத்துல ஒரு ஃபோல்டரை அழிச்சா, ரெண்டு டிஸ்க்குலயும் சேர்ந்தே அழியும். ரான்சம்வேர் வந்தா ரெண்டையும் சேர்த்தே பூட்டும். திருடன் வந்தா பொட்டியோட தூக்கிட்டுப் போவான், ஒரு டிஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டுப் போற அளவுக்கு நல்லவன் இன்னும் பொறக்கலை. 2015 டிசம்பர்ல சென்னையில தரைத்தளத்துல குடியிருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, தண்ணிக்கு மிரர் எது ஒரிஜினல் எதுன்னெல்லாம் தெரியாது.

"நீ பெரிய இவனா?"ன்னு கேப்பீங்க. இல்லை. என் கதை இதை விட கேவலம். எங்கிட்ட பேக்கப்பே இருந்துச்சு!

2022ல நடந்தது. தினம் ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் ஓடும், மெயின் டிஸ்க்குல இருக்கறதை யூஎஸ்பி டிஸ்க்குக்குக் காப்பி பண்ணும். அங்க இல்லாதது இங்க எதுக்குன்னு அந்த டிலீட் ஆப்ஷனையும் போட்டு வெச்சிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்துச்சு. மெஷின் எந்திரிச்சுது, மெயின் டிஸ்க்கு எந்திரிக்கலை. அது மவுன்ட் ஆகலைன்னா அந்த இடத்துல இருக்கறது வெறும் காலி ஃபோல்டர். 2 மணிக்கு ஆர்சிங்க் வந்துச்சு, காலி ஃபோல்டரைப் பாத்துச்சு, "ஓ, ஐயா எல்லாத்தையும் அழிச்சுட்டாரு போல"ன்னு பேக்கப்பையும் துடைச்சு மெழுகிட்டுப் போயிடுச்சு. சொன்னதைச் செஞ்சுது, அதைக் குத்தம் சொல்ல முடியாது. மவுன்ட் ஆகியிருக்கான்னு பாக்குற ஒரே ஒரு வரி அந்த ஸ்கிரிப்ட்ல இல்லை. அதை நான் எழுதலை.

ஃபோட்டோரெக் போட்டு ரெண்டு நாள் தோண்டினேன். படங்கள் பெரும்பாலும் வந்துடுச்சு. பேருங்க வரலை. அந்த மென்பொருள் ஃபைலோட உள்ளடக்கத்தைத்தான் தேடி எடுக்கும், பேரை இல்லை. எல்லாம் வெறும் நம்பரா வந்து விழுந்துச்சு. ரிட்டையர் ஆனப்புறம் எங்கப்பா பழைய ஆல்பத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி, ஒத்தை விரலால தட்டித் தட்டி ஒவ்வொரு படத்துக்கும் பேரு வெச்சிருந்தாரு. யாரு, எந்த ஊரு, எந்த வருஷம்னு. இப்ப அப்பா இல்லை. படம் இருக்கு. இருக்கறது அத்தை ஒருத்தங்கதான், பாதி முகத்தைப் பாத்து "யாருடா இது?"ன்னு அவங்க என்னைக் கேக்குறாங்க.

பெரிய கம்பெனிக்காரன் மட்டும் ஒழுங்கான்னா அதுவும் இல்லை. 2017 ஜனவரி 31, கிட்லாப். ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டாரு. சுமார் 300 ஜிபி, நிறுத்துறதுக்குள்ள 4.5 ஜிபி ஆயிடுச்சு. சரி, பேக்கப்பை எடுன்னா, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்குற கருவி 9.2, அதனால அது தினமும் ஃபெயில் ஆயிட்டே இருந்திருக்கு. ஃபெயில் ஆச்சுன்னு சொல்ற மெயிலும் போய்ச் சேரலை. ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக யாரோ எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காப்பாத்துச்சு. பேக்கப் எடுக்குற ஏற்பாடு அவங்ககிட்டயும் இருந்துச்சு, எங்கிட்டயும் இருந்துச்சு. எடுத்ததைத் திருப்பி வெச்சுப் பாக்கலை, ரெண்டு பேருமே.

அடுத்த கோஷ்டி "ஓடுற மெஷினைத் தொடாதே". அப்டேட்டே பண்ண மாட்டாங்க. கேட்டா அனுபவமாம். வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் வெச்சிருந்தவங்களும் தொடலை, கம்பெனியே 2015க்கப்புறம் தொடலை. 2021 ஜூன்ல எவனோ இன்டர்நெட் வழியா உள்ள பூந்து ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டான், ஒரே ராத்திரியில பல பேரு டிஸ்க்கு காலி. இவங்களுக்கு நேரெதிர் கோஷ்டி, எல்லா கன்டெய்னருக்கும் 'லேட்டஸ்ட்'னு போட்டு தானா அப்டேட் ஆக விட்டவங்க. காலையில எந்திரிச்சா போஸ்ட்கிரெஸ் ஒரு பெரிய வெர்ஷன் தாண்டியிருக்கும், பழைய டேட்டா எனக்கு ஒத்துவராதுன்னு ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிக்கும். ரெண்டு கோஷ்டிக்கும் நோய் ஒண்ணுதான். உடைஞ்சா திரும்ப எடுக்க முடியும்னு நம்பிக்கை இருந்தா, வெர்ஷன் நம்பரை எழுதி வெச்சு, ஒரு டம்ப் எடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் தைரியமா அப்டேட் பண்ணலாமே?

நான் இப்ப ரெஸ்டிக்குக்கு மாறிட்டேன். பழைய வெர்ஷனெல்லாம் தங்கும், இன்னிக்கு அழிச்சது போன மாசத்துக் காப்பியில இருக்கும். ஒரு டிஸ்க்கு திருச்சியில தங்கச்சி வீட்டு பீரோவுல. மாசம் ஒரு தடவை கண்ணை மூடிட்டு ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து வேற லேப்டாப்புல ரெஸ்டோர் பண்ணிப் பாக்குறேன். முதல் தடவை பண்ணப்பவே மாட்டிக்கிட்டேன், ஹிஹி. ரெஸ்டிக் பாஸ்வேர்டு இருந்தது அந்த சர்வர்ல மட்டும்தான்! சாவியை உள்ள வெச்சே பீரோவைப் பூட்டின கதை. இப்ப பேப்பர்ல எழுதி தங்கச்சிகிட்டயும் கொடுத்தாச்சு.

இதையெல்லாம் மூச்சு வாங்க நண்பர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். நேத்து ராத்திரி ஃபோன் பண்ணாரு.

"பாஸ், நீங்க சொன்னதுல பயந்துட்டேன். இன்னொரு 4 டிபி வாங்கிட்டேன்."

"சூப்பர். எங்க வெச்சிருக்கீங்க?"

"அதையும் ரெய்டுல சேத்துட்டேன். இப்ப மூணு காப்பி!"