கோப்பின் முகவரியை யார் படிக்க வேண்டும்?

கேளம்பாக்கத்திலுள்ள நண்பருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். கதவு எண், தெரு, கேளம்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறீர்கள். கடைசியில் எழுதும் 603103 மட்டும் தலைகீழ். 6 என்பது தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய அஞ்சல் மண்டலம். கடைசி மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட அஞ்சலகம். கணிப்பொறிக் கோப்பின் முகவரியும் இந்த வரிசையில்தான் அமைகிறது. முதலில் வட்டு, பிறகு அடைவு, இறுதியில் பெயர்.

எழுத்தைத் தட்டித் திருத்த உதவும் நிரலுக்கு எடிட்டர் என்று பெயர். கோப்பின் முகவரியை எடிட்டர் புரிந்துகொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் கட்சி. தபால் பெட்டி முகவரியைப் படிக்கிறதா என்ன?

1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின்கீழ் 250 பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியது. அப்பள்ளிகளுக்கு வந்தது பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய பி.பி.சி. மைக்ரோ. அந்தக் கணிப்பொறிக்கென இருந்த 'வியூ' என்னும் எடிட்டரிடம் "இந்தப் பெயரில் சேமி" என்றால், அது பெயரை ஆராயாமல் இயக்க அமைப்பிடம் கொடுத்துவிடும். ஒலிநாடா இணைத்திருந்தால் பெயர் 10 எழுத்து வரை இருக்கலாம், அடைவு கிடையாது. வட்டு இணைத்திருந்தால் முக்காற்புள்ளி, வட்டின் எண், ஒரு புள்ளி, அடைவைக் குறிக்கும் ஒரே எழுத்து, மறுபடி ஒரு புள்ளி, பிறகு 7 எழுத்துக்குள் பெயர். (ஏழெழுத்தில் பெயர் வைப்பது தனிக் கலை!) பின்னாளில் அடைவுக்குள் அடைவு வைக்கும் முறையும் வந்தது. வியூ கவலைப்படவில்லை. முகவரி நீண்டது, அவ்வளவுதான்.

மறுபக்கம் பாருங்கள். நம் நாட்டு அலுவலகங்களிலும் புகழ்பெற்றிருந்த வேர்ட்ஸ்டார், அடைவுகள் இல்லாத சிபி/எம் காலத்தில் பிறந்தது. வட்டின் எழுத்தும் கோப்பின் பெயரும்தான் அதற்குத் தெரியும். 1983இல் எம்.எஸ்.டாஸ் 2.0 அடைவுகளைக் கொண்டுவந்தது. வேர்ட்ஸ்டாரின் 3ஆம் பதிப்புக்கு அடைவுப் பாதையைத் தட்டினால் புரியாது. 1987இல் வந்த 4ஆம் பதிப்பில்தான் அந்தக் குறை தீர்ந்தது. முகவரி இப்படித்தான் இருக்கும் என்று எடிட்டரே முடிவுகட்டியதன் விளைவு இது.

"பெயரை முன்கூட்டியே சோதித்தால் பிழை குறையுமே?" என்று கேட்பீர்கள். பெயர் தவறென்றால் இயக்க அமைப்பே திருப்பி அனுப்பிவிடும். அந்த வேலையை இரண்டு பேர் செய்ய வேண்டாம்.

ஆனால் எடிட்டர் முகவரியைப் படிக்காதபோது, எழுதுகிறவர் அதை அறிந்திருக்க வேண்டும். பி.பி.சி. மைக்ரோவின் முன் அமர்ந்த மாணவருக்குத் தன் கட்டுரை எந்த வட்டில், எந்த அடைவில் இருக்கிறது என்பது தெரியும். தெரியாமல் அதைத் திறக்கவே முடியாது. இன்று உங்கள் கைப்பேசியிலுள்ள செயலிகள் பலவும் இடத்தைத் தாங்களே தேர்ந்து, அதைச் சொல்லாமலும் விட்டுவிடுகின்றன. கைப்பேசி பழுதானாலோ செயலியை நீக்கினாலோ ஒரு பருவம் முழுக்க எழுதிய திட்டக் கட்டுரை போய்விடலாம். இதை வசதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று மாலை உங்கள் கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, அதன் முழு முகவரியைத் தாளில் எழுதிப் பாருங்கள். கைப்பேசியில் கிடைக்காவிட்டால் பள்ளிக் கணிப்பொறியில் முயலுங்கள். அங்கே கோப்பின் பண்புகளைக் கேட்டால் முகவரி வந்துவிடும்.