'ஒன்றுமில்லை' என்று சொல்லலாமா?



மாதக்கணக்கில் உடலெங்கும் வலி, உறங்கி எழுந்தாலும் நீங்காத களைப்பு, நினைவுத் தடுமாற்றம் என்று ஒருவர் மருத்துவரிடம் செல்கிறார். இரத்தப் பரிசோதனையும் ஊடுகதிர்ப் படமும் சீராக உள்ளன. "உங்களுக்கு ஒன்றுமில்லை, வீணாகக் கவலைப்படாதீர்கள்" என்று அனுப்பிவிடுகிறார் மருத்துவர். ஃபைப்ரோமயால்ஜியா எனும் நோய் உடையவர்கள் பலரும் கேட்டுச் சலித்த சொல் இது. அவர்களுள் பெண்களே மிகுதி.

"சோதனையில் ஒன்றும் தெரியவில்லை" என்பது வேறு, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பது வேறு. முன்னதைச் சொல்ல வேண்டிய இடத்தில் பின்னதைச் சொல்வது பெரும் தவறு என்பது என் கருத்து.

தைராய்டு குறைபாடு போன்ற பிற நோய்கள் உள்ளனவா என்று அறிய இரத்தப் பரிசோதனை தேவைதான். ஆனால் ஃபைப்ரோமயால்ஜியாவை அது காட்டாது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 1990ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறைப்படி, 3 மாதங்களாகப் பரவலான வலி இருக்க வேண்டும்; உடலில் குறிப்பிட்ட 18 இடங்களை அழுத்தும்போது 11 இடங்களிலேனும் வலிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் நெறிமுறை அழுத்திப் பார்ப்பதைக் கைவிட்டது. வலியின் பரப்பு, களைப்பு, உறக்கம், நினைவுத் தெளிவு ஆகியவற்றைக் கேட்டறிந்து மதிப்பிடச் சொன்னது. ஆகவே, நோயாளியின் பேச்சைக் கேட்காமல் இந்நோயைக் கண்டறியவே முடியாது.

ஐயுறும் மருத்துவர்களிடமும் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு நெறிமுறையின் முதன்மை ஆசிரியரான ஃபிரெடரிக் உல்ஃப் அவர்களே பின்னாளில் இப்பெயரை ஐயுற்றார். நோய்ப்பெயர் சூட்டினால் நோயாளி தம் வலியிலேயே மூழ்கிவிடுவார் என்பது இத்தரப்பினரின் அச்சம். ஆயினும், பெயர் தெரியாதவர் வலியை மறந்துவிடுவதில்லை. மருத்துவர் மாற்றி மருத்துவரைத் தேடிப் பணத்தையும் நம்பிக்கையையும் இழக்கிறார். 2002ஆம் ஆண்டு வெளிவந்த மூளைப் படமெடுப்பு ஆய்வு ஒன்றில், மற்றவர்களுக்குப் பெரிதாக வலிக்காத மெல்லிய அழுத்தமே இந்நோயாளிகளின் மூளையில் வலி சார்ந்த பகுதிகளைத் தூண்டியது. இதைக் கற்பனை வலி என்று எவ்வாறு ஒதுக்குவது?

பள்ளியிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. டிஸ்லெக்சியா உள்ள மாணவனின் கண்ணும் செவியும் சோதனையில் நன்றாக இருக்கும். அதனால் அவன் சோம்பேறி என்று முடிவு கட்டிய காலம் இருந்தது. அவனது இடர்ப்பாட்டை நம்பிய பின்னரே அவனுக்கேற்ற கற்பித்தல் முறை பிறந்தது.

மருத்துவத்திலும் அவ்வாறே. ஐரோப்பிய வாதநோய் அமைப்பின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரையில் வலுவான ஆதரவு பெற்ற ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. மருந்துகள் சிலருக்கு ஓரளவே உதவுகின்றன. ஆனால் "ஒன்றுமில்லை" என்று கூறிய அதே வாயால் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால், நோயாளியின் செவியில் அது "நீ சோம்பேறி" என்றே விழும். வலியோடு நடக்கத் தொடங்குபவருக்குத் தம் வலியை மருத்துவர் நம்புகிறார் என்ற துணை வேண்டும்.

அரசு சுகாதார மையங்களில் விடியற்காலையிலேயே எண் வாங்கிக் காத்திருக்கும் கூட்டத்தைக் காணும்போது, மருத்துவர்களின் நெருக்கடியும் விளங்குகிறது. எனினும், "சோதனையில் தெரியவில்லை, ஆனால் உங்கள் வலி உண்மை. இதற்குப் பெயர் உண்டு, குறைக்க வழியும் உண்டு" என்று சொல்ல அரை நிமிடம் போதும். நோயாளிகளும் வலிக்கும் இடங்கள், தொடங்கிய காலம், உறக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சென்றால் மருத்துவரின் பணி எளிதாகும்.

வீட்டிலிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவரின் "ஒன்றுமில்லை"யை வைத்து, வலியால் துடிக்கும் தாயையோ மனைவியையோ நடிப்பதாகக் கூறாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை