பஞ்சமி நிலம்: பதிவேட்டைத் திறப்போம்

"அந்தக் கழனி எங்க தாத்தாவோடதுதான். இப்ப அதுலயே நாத்து நடக் கூலிக்குப் போறோம்."

செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பெருமூச்சாகக் கேட்டுவிட்டுப் போகிறோம். தோழர்களே, இது பெருமூச்சல்ல, வழக்கு.

உழுதவர்கள் நாம், நிலம் மட்டும் மிராசுதாரருடையது. தரிசைக் கேட்டாலும் அதற்கும் அவரே பாத்தியதை கொண்டாடினார். சேரி மனையும் அவர் பிடியில். பண்ணையை விட்டுப் போனால் குடிசையும் போச்சு. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் படியாளானான்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்க ஒதுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. வெள்ளைக்காரன் போட்ட பிச்சை என்று யாரும் பேச வேண்டாம். நம் முப்பாட்டன்கள் சிந்திய வேர்வைக்கு அது மிகச் சிறிய வட்டி.

அந்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு. பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம். பின் எப்படிக் கைமாறியது? ஒரு மூட்டை நெல்லுக்கு, சாவுச் செலவுக்கு, வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டுக்கு. கிராம அலுவலகத்துப் பேனா மிச்சத்தை முடித்தது.

திருப்பிக் கேட்டபோது என்ன கிடைத்தது? 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் மண்ணுக்காக மண்ணில் சாய்ந்தார்கள். வருஷா வருஷம் வீரவணக்கம் செலுத்துகிறோம். சரி. அவர்கள் கேட்ட நிலம் எங்கே?

இன்று கழனிகள் மனைகளாகின்றன. கல் நட்டு, கொடி கட்டி, தார்ரோடு போட்டு விற்கிறார்கள். வீடு எழும்பிவிட்டால் மீட்பது இன்னும் கஷ்டம். காலம் நமக்காகக் காத்திருக்காது.

மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பழைய 'அ' பதிவேட்டின் நகலை வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'டி.சி.' என்று குறித்த சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, இன்றைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். எங்கே பெயர் மாறியது என்று தெரியும். கிழவிகளிடம் எல்லை கேளுங்கள். கிணறும் புளியமரமும் அவர்களுக்கு மனப்பாடம்.

நம்மவர் சிலரும் தரகர் நீட்டும் முன்பணத்துக்கு மயங்குகிறார்கள். அதையும் தெருவில் வைத்தே பேசியாக வேண்டும். மீட்ட நிலத்தை மறுபடி விற்கவா இத்தனை பாடு? பட்டா பெண்கள் பெயரிலும் இருக்கட்டும்.

கூலி உயர்வு கேட்டுக்கொண்டே இருக்கலாம், தப்பில்லை. ஆனால் காலடியில் நிலமில்லாதவன் குரல் ஊர் எல்லையோடு நின்றுவிடும். நிலம்தான் மானம். பதிவேட்டைத் திறப்போம்.