இட்லிக்கு வந்த சோதனை!

சிலருக்குச் சீட்டாட்டம். சிலருக்குக் கிரிக்கெட். எனக்கு லேத்!

ஆமாம் ஸார், இரும்பைச் சுழலவிட்டு டூலை வைத்துச் சீவினால் சுருள் சுருளாக வந்து விழுமே, அந்த லேத்தேதான். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை உடுமலைப்பேட்டையில் ஓர் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு லேத் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

கோயமுத்தூர் கணபதிப் பக்கம் இழுத்து மூடிய ஒரு சின்னப் பட்டறையில் அது அநாதையாகக் கிடந்தது. பெஞ்ச் லேத். ஒரு குதிரை சக்தி மோட்டார். சேமித்து வைத்திருந்த போனஸைக் கொடுத்து, 'குட்டி யானை'யில் ஏற்றி, தளி ரோட்டிலிருக்கும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பின்பக்கம் எருமை கட்டியிருந்த கட்டுத்தறி காலியாகத்தான் இருந்தது. தகரத்தை அடித்து, சிமென்ட் பூசி, லேத்தை நிறுத்தி, சக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்து நிமிர்ந்தேன்.

"எருமையாச்சும் பால் குடுத்துச்சுங்க" என்றாள் மனைவி.

"ஜி.டி. நாயுடு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தேன்.

இந்த ஏரியாவில் ஸ்பேனரைக் கையில் எடுக்கிற யாருக்கும் அவர்தான் குலதெய்வம். சூலூர் பக்கம் கலங்கலில் 1893-ல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். பொள்ளாச்சியிலிருந்து பழனி போகிற வழியில் என்ன ஊர் இருக்கிறது? சாட்சாத் நம்ம உடுமலை! அந்த பஸ் கிளப்பிய புழுதியைச் சுவாசித்த பரம்பரை நாம். நமக்கு லேத் மேல் ஆசை வராமல் வேறு யாருக்கு வரும்?

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"அவரு பிரிச்சதைத் திருப்பி மாட்டினாருங்க. நீங்க போன வருசம் பிரிச்ச டேபிள் ஃபேன் இன்னும் பரண் மேலதான் கெடக்குது."

இங்கிலாந்தில் இந்தப் பைத்தியத்துக்கென்றே பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898-ல் 'மாடல் எஞ்சினியர்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார் என்பதையும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்மணிகளையும் இவள் கட்சியில் சேர்த்துக்கொண்டுவிடுவாள் என்று பயம்.

இப்படி நான் தலைகுனிந்து திரிந்துகொண்டிருந்தபோதுதான் கடவுளாகப் பார்த்து அம்மாவின் கிரைண்டரைப் பழுதாக்கினார்.

சாதாரணக் கிரைண்டர் இல்லை. அம்மா கல்யாண வாழ்க்கையில் அய்யனிடம் வாய் திறந்து கேட்டு வாங்கிய ஒரே பொருள். வெட் கிரைண்டர் பிறந்ததே நம்ம கோவையில்தான். 1955-ல் சபாபதி என்பவர் செய்தார். பிற்பாடு 'கோயம்புத்தூர் வெட் கிரைண்ட'ருக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. அப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்த கல், குழவியைப் பிடித்துக்கொள்ளும் புஷ் தேய்ந்து, லொட லொட என்று ஆட ஆரம்பித்தது.

"மேஸ்திரிகிட்டக் குடுத்தாப் பத்து நிமிசத்துல கடைஞ்சு குடுத்துருவாரு கண்ணு" என்றார் அம்மா.

"நம்ம வீட்டுலயே லேத் இருக்கறப்ப மேஸ்திரி எதுக்கும்மா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாவாட்டுங்க!"

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொல்லவில்லை. நல்லவேளை!

வேலை என்னவோ சுலபம்தான். வெளி விட்டம் 32 மில்லி, உள் துளை 16 மில்லி. உக்கடம் பழைய இரும்புக் கடையில் 38 மில்லி பித்தளைத் தடி வாங்கி வந்தேன். 38-லிருந்து 32-க்கு ஆறு மில்லி குறைக்க வேண்டும். கைப்பிடி டயலில் ஒவ்வொரு மில்லியாக ஆறு தடவை திருகினேன். தங்கம் தங்கமாகத் தூள் தெறித்தது. லேத்தை நிறுத்தி வெர்னியரை வைத்துப் பார்த்தேன்.

26 மில்லி!

வெர்னியரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 26 மில்லி! கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே!

ராத்திரி பூராவும் தூக்கமில்லை. விடிகாலையில் மண்டையில் உறைத்தது. டூல் ஒரு மில்லி உள்ளே போகிறது, சரி. ஆனால் தடி சும்மாவா நிற்கிறது? சுற்றுகிறதே! இந்தப் பக்கம் ஒரு மில்லி போனால் எதிர்ப்பக்கமும் ஒரு மில்லி போகும். விட்டத்தில் இரண்டு! ஆறு திருகினால் பன்னிரண்டு! மூன்றாம் வகுப்புக் கணக்கு. அதற்கு நான் கொடுத்த ஃபீஸ், ஒரு துண்டுப் பித்தளை.

அடுத்த ஞாயிறு. இந்தத் தடவை சீவுவதும் அளப்பதுமாக ஆமை வேகத்தில் போனேன். டூல் மழுங்கிப் பித்தளை தொட முடியாமல் கொதித்தது. துணியைச் சுற்றிப் பிடித்து அளந்தால், கன கச்சிதமாக 32.00! கூவாத குறை. சாப்பிட்டுவிட்டு வந்து கிரைண்டரில் மாட்டினால், புஷ் விரலோடு சேர்ந்து கழன்று வருகிறது. மத்தியானம் 32 இருந்தது சாயங்காலம் எங்கே போயிற்று?

வேறு வழியில்லை. ஒரு மஞ்சள் பையில் இரண்டு புஷ்ஷையும் போட்டுக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் அவர் லேத் பட்டறை. நாற்பது வருஷமாக அதே இடம், அதே நாலரை அடி லேத். இப்போது வேலையெல்லாம் கம்ப்யூட்டர் மெஷின்களுக்குப் போய்விட்டது. ஒரே மாதிரி ஆயிரம் வேண்டுமென்றால் அங்கே போவார்கள். ஒன்றே ஒன்று வேண்டுமென்றால்தான் இவரிடம் வருவார்கள்.

சூடான புஷ் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"பாயசத்தைக் கொதிக்கக் கொதிக்க அளந்தா டம்ளர் நெறையுமுங்க தம்பி. ஆறினப்புறம் அளக்கோணும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பித்தளை அறுபது டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 32 மில்லி சாமான் சுமார் 0.036 மில்லி பெருத்துக் காட்டும். தலைமுடி தடிமன்கூட இல்லை. ஆனால் இறுக்கமாக உட்கார வேண்டிய புஷ்ஷுக்கு அது பெரிய வாசல்!

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற லேத் மேதை 1805 வாக்கில் ஒரு மைக்ரோமீட்டர் செய்து பட்டறையில் வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'லார்ட் சான்ஸலர்'. அளவில் யாருக்காவது சண்டை வந்தால் அது சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு. எங்கள் வீட்டில் அந்தப் பதவி அம்மாவின் இட்லிக்கு. அந்தக் கோர்ட்டு மூன்றாவது வாரமாக விடுமுறையில் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரத்தைப் போட்டு உதறிக்கொண்டிருந்தது. ஏழாவது படிக்கும் பையன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். நான் புதுத் தடியை சக்கில் வைத்து, சாவி போட்டு இறுக்கினேன். உள்ளேயிருந்து மனைவி ஏதோ கேட்டாள். பதில் சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன்.

சாவி சக்கிலேயே இருந்தது.

சத்தம்தான் முதலில் கேட்டது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினால், பையன் அப்படியே நிற்கிறான். அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளி, தகரத்தில் ஒரு பள்ளம். கீழே சாவி கிடந்தது. அரைக் கிலோ இரும்பு.

பையன் அழவில்லை. எனக்குத்தான் கால் நடுங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து பள்ளத்தைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பையன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கட்டுத்தறிப் பக்கமே போகவில்லை. விற்றுவிடுவது என்று முடிவு பண்ணி, யாராவது வாங்குவார்களா என்று கேட்க மேஸ்திரியிடம் போனேன்.

அவர் பதில் சொல்லாமல் இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. இத்தனை நாள் பார்த்தும் நான் கேட்டதில்லை.

"எனக்கு இருவது வயசு. பிசிறு குத்துதுன்னு கையுறை போட்டுட்டு வேலை செஞ்சனுங்க. நூல் ஒண்ணு சுத்துற சாமான்ல மாட்டுச்சு. கையுறையை இழுக்கறப்ப அது வெரலை உட்டுட்டு வருமுங்களா? அடுத்த மாசமே மறுபடி லேத்துகிட்ட நின்னேன். வித்துப்போடறதுன்னா வித்துப்போடுங்க தம்பி. வெச்சுக்கறதுன்னா ஒரே ஒரு சட்டம். சாவி சக்குல இருந்தா, கை சாவியில இருக்கோணும். கையை எடுத்தா சாவியும் கூடவே வந்துரோணும். பேச்சுக் குடுத்துக்கிட்டு சுவிட்சுல கை வெக்கப்படாது."

வீட்டுக்கு வந்தேன். சாவிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தேன். சாவி ஆணியில் தொங்கினால்தான் சுவிட்சைத் தொடுவது. வாசலுக்கு வெளியே கோடு போட்டு, பையனை அதற்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். அவன் தன்னைத்தானே பாதுகாப்பு அதிகாரியாக நியமித்துக்கொண்டான். நான் சுவிட்ச் பக்கம் கை நீட்டினாலே, "சாவி?" என்று குரல் வரும். நான் தூக்கிக் காட்டி, ஆணியில் மாட்ட வேண்டும்.

அப்படிச் செய்த மூன்றாவது புஷ் அற்புதமாக வந்தது, ஸார். கண்ணாடி மாதிரி பளபளப்பு. அளவு ஆறின பிறகும் அப்படியே இருந்தது. பெருமையாக மேஸ்திரியிடம் காட்டினேன். உருட்டிப் பார்த்தார். "சுத்தமான வேலைங்க" என்றார். பத்மஸ்ரீ கிடைத்த மாதிரி இருந்தது.

"இதை எங்கீங்க மாட்டப் போறீங்க?"

"மாவாட்டற கிரைண்டர்லீங்க."

புஷ்ஷைப் பைக்குள்ளேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைசலுக்கென்று விற்கிற பித்தளையில், சீவ லேசாக இருக்கட்டும் என்று நூற்றுக்கு மூன்று பங்கு போல ஈயம் கலப்பார்களாம். அது தேய்ந்து மாவில் விழுந்தால்? குழந்தைகள் சாப்பிடுகிற இட்லி! அன்றே அந்த ஆசையை மூட்டை கட்டினேன்.

நான்காவது, நைலான். வெண்ணெய் மாதிரி வெட்டியது. இறுக்கமாகவே அடித்து மாட்டினேன். இரண்டு வாரம் ஜோராக ஓடியது. மூன்றாவது வாரம், அரிசி பாதி அரைந்துகொண்டிருக்கும்போது குழவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நைலான் தண்ணீர் குடிக்கும் ஸார்! குடித்துவிட்டு வீங்கும். போதாததற்கு, இறுக்கி அடித்ததில் துளை ஏற்கெனவே கொஞ்சம் சுருங்கியிருந்தது. அரைகுறை மாவைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்து வீட்டுக்கு நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஐந்தாவது புஷ்ஷில் மேஸ்திரி சொன்னபடி கால் மில்லி இடைவெளி விட்டேன். மாட்டினேன். இரண்டு மாதமாக ஓடுகிறது. லொட லொட இல்லை. இட்லி வந்தது. அம்மா ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, தீர்ப்பு வழங்கினார்.

"பரவால்ல கண்ணு."

எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

மேஸ்திரி கேட்கும் கூலி நூற்றைம்பது ரூபாய், பத்து நிமிடம். எனக்கு ஆன செலவையும் நாளையும் நீங்கள் கூட்டிப் பார்க்க வேண்டாம். மனைவி கூட்டி, காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள். வீணான நாலு புஷ்ஷும் கட்டுத்தறி ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தகரத்திலிருக்கும் பள்ளத்தை மட்டும் நான் தட்டிச் சரி செய்யவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

நேற்று இட்லி சாப்பிடும்போது, அம்மா யதார்த்தமாக, "மிக்ஸியில என்னமோ சத்தம் வருது கண்ணு" என்றார்.

நான் நிமிர்வதற்குள் மனைவி எழுந்து போய், மிக்ஸியைத் தூக்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"சாவி?" என்றான் பையன்.

"எங்கிட்டத்தான் இருக்குது" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.