புட்டியின் முகமும் முதுகும்

கடைத்தட்டிலே கொலுவீற்றிருக்கிறது கண்ணாடிப் புட்டி! மேலே இஞ்சி, பூண்டு, துள்ளும் காய்கறிப் படம். வாணலியில் ஊற்றிப் புரட்டினால் போதும், சீனத்துச் சமையற்காரனின் கைமணம் வீட்டுக்கே வந்துவிடுமாம்!

முகத்தைப் பார்த்தது போதும் தோழர்களே, முதுகைத் திருப்புங்கள். எடையில் மிகுந்தது முதலில் வரவேண்டும் என்பது விதி. பல புட்டிகளில் முன்வரிசையில் நிற்பவர் யார்? தண்ணீர்! துணைக்குச் சர்க்கரையும் உப்பும். படத்தில் பவனி வந்த இஞ்சியோ பின்வரிசையில் ஒடுங்கி நிற்கிறது. கெட்டிப்படுத்த மக்காச்சோள மாவு, கருநிறத்துக்குக் கேரமல் சாயம், கெடாதிருக்கச் சோடியம் பென்சோயேட்.

உடனே நம்மவர் பாய்வது அஜினமோட்டோ மீது! 1908-இல் ஜப்பானிய அறிஞர் இக்கேடா கடற்பாசியிலிருந்து கண்டெடுத்த சுவை அது. 1968-இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த ஒரே ஒரு கடிதம், சீனச் சமையற்காரனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் அந்தக் குற்றத்தை உறுதியாக நிலைநாட்டவில்லை. தக்காளியிலும் அதே குளூட்டமேட் உண்டு. தக்காளியை நாடு கடத்தியவர் எவரேனும் உண்டா?

நாம் கூண்டில் ஏற்றவேண்டியது வேறு ஆசாமியை. அவசர இலாபம் என்பது அவர் பெயர்! வேகவைத்த சோயாவும் வறுத்த கோதுமையும் பூஞ்சணம் பூத்து, உப்புநீரில் மாதக்கணக்கில் முதிர்ந்து பிறப்பதே சோயாச் சாறு. மாதக்கணக்கில் காத்திருக்க முதலாளிக்குப் பொறுமை ஏது? எண்ணெய் எடுத்த சோயாப் பிண்ணாக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தான். சில நாட்களில் சாறு தயார்! பிண்ணாக்கில் எஞ்சிய கொழுப்பும் அமிலமும் கூடிக் குளோரோபுரோப்பனால் என்னும் நஞ்சு பிறந்தது. எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கிய நஞ்சு அது!

செக்கோஸ்லோவாக்கிய ஆய்வாளர்கள் இதை 1970களின் இறுதியிலேயே கண்டு சொன்னார்கள். காரம் சேர்த்துக் குறைக்கும் வழியும் உண்டு. ஆயினும் நடந்தது என்ன? 2001-இல் பிரிட்டனின் உணவுத்தர முகமை சோதித்த 100 சோயாச் சாறுகளில் 22-இல் அந்த நஞ்சு மிகுந்திருந்தது. இருபதாண்டுக்கு மேல் எத்தனை வீட்டு வாணலிகள் அதைச் சுமந்தன! கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்ற ஐரோப்பிய வரம்பு நடைமுறைக்கு வந்ததோ 2002-இல்தான்.

வரம்பு வந்துவிட்டது, சரி. விளக்கம் வந்ததா? முதுகிலே எறும்பு எழுத்தில் 'ஹைட்ரலைஸ்டு தாவரப் புரதம்' என்று அச்சிட்டால் எந்தத் தாய்க்குப் புரியும்? சாடியில் முதிர்ந்ததா, அமிலத்தில் வெந்ததா என்று முகத்திலேயே எழுதட்டும்! இடமில்லை என்பார்களானால், அந்த இஞ்சிப் படத்தைச் சற்றே சிறிதாக்கட்டும்!