டிகிரி வாங்க எந்தெந்த பேப்பர் முடிக்கணும்? காஞ்சிபுரம் மாணவர்கள் செக் பண்ண வேண்டியது என்ன?

பி.ஏ. வரலாறு சேர்ந்தால் வரலாறு மட்டும் படித்தால் போதும் என்று நினைத்து கல்லூரிக்குள் நுழைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் தறி வேலை, கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நீங்கள்தான் என்றால், 'அப்படி இல்லப்பா' என்று சொல்லவும் ஆள் இருக்காது.

தமிழ்நாட்டில் கலை, அறிவியல் இளநிலைப் பட்டத்துக்கு ஐந்து பகுதிகள் உண்டு. முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதில்தான் மேஜர், அலைடு பேப்பர்கள். நான்காவதில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள். ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை.

பலர் மாட்டுவது நான்காவதில்தான். '2 கிரெடிட் பேப்பர்தானே, அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் வேண்டும். 138 இருந்தால் டிகிரி இல்லை. மேஜரில் 80 மார்க் வாங்கியிருந்தாலும் அதே கதைதான். சுற்றுச்சூழல் பேப்பர் கல்லூரி தன் இஷ்டத்துக்கு வைத்ததும் அல்ல. உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் நாடு முழுக்க கட்டாயமானது.

லிஸ்ட் எங்கே கிடைக்கும்?

உங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்று முதலில் பாருங்கள். காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரிக்கு சென்னைப் பல்கலைக்கழகம். இங்கிருந்து பஸ் ஏறி செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்குப் போனால், அது வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். ஏனாத்தூரில் இருப்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதற்குத் தனிப் பாடத்திட்டம். ஒரே தெருப் பசங்க, ஒரே பி.காம். என்றாலும் லிஸ்ட் வேறாக இருக்கலாம்.

அடுத்து, சேர்ந்த ஆண்டு. சீனியர் கொடுத்த ஜெராக்ஸை நம்ப வேண்டாம். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' படிப்புகள், அதற்கு முன்பே முடித்த அண்ணன் லிஸ்டில் இருக்காது. பல்கலைக்கழக இணையதளத்தில் உங்கள் ஆண்டுக்கான சிலபஸ் பி.டி.எஃப். இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், போனில் திறந்தால் கண் வலிக்கும் அளவில். முதல் நாளே ஒரு பக்கத் தாளில் தமிழில் கொடுக்க கல்லூரிகளுக்கு என்ன கஷ்டம் என்று புரியவில்லை.

பாஸ் மார்க்கிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக முறையில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. மொத்தம் 40 வந்தால் மட்டும் போதாது, எக்ஸ்டர்னலில் தனியாக 30 எடுக்கணும். இன்டர்னல் 22, எக்ஸ்டர்னல் 20 என்றால் கூட்டினால் 42, ஆனாலும் அரியர்தான்.

நான்காவது செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் எல்லா மார்க் ஷீட்டையும் எடுத்து, பேப்பர் கோடு வைத்து சிலபஸோடு டிக் அடித்துப் பாருங்கள். விட்டுப்போனது இருந்தால் துறைத் தலைவரிடம் கேட்டு, அடுத்த தேர்வுக்கே ஃபீஸ் கட்டிவிடலாம். இன்னும் இரண்டு செமஸ்டர் கையில் இருக்கும்.