பொது நிரலகத்தில் கம்பைலர் எச்சரிக்கைகள்: யார் பொறுப்பு?

மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் சி மொழி கற்று, பவாய் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் ஆய்வுக்குச் சேரும் மாணவரிடம் பெரும்பாலும் முதலில் ஒப்படைக்கப்படும் வேலை, குழுவின் பொது நிரலகத்தில் குவிந்த எச்சரிக்கைகளை ஒழிப்பது. அந்த வரிகள் ஏன் எழுதப்பட்டன என்பதை எவரினும் குறைவாக அறிந்தவர் அவரே. வேலை தவறான கைக்குப் போகிறது.

பழக்கமும் துணைசெய்வதில்லை. இந்தியக் கல்லூரி ஆய்வகங்களை டர்போ சி நெடுங்காலம் ஆண்டது. நிரல் ஓடினால் மதிப்பெண். எச்சரிக்கையை எவரும் வாசித்ததில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. அணிக்கு நினைவிடம் ஒதுக்கி அதன் முகவரியைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்று நிரலகத்தில் உள்ளது. அழைப்பவர் ஹெடர் கோப்பைச் சேர்க்க மறந்தால், பழைய கம்பைலர் அது முழு எண்ணைத் தருவதாக ஊகித்து எச்சரிக்கும். அங்கே ஒரு வகைமாற்றத்தை எழுதிவிட்டால் 32 பிட் கணினியில் முகவரி பற்றிய முணுமுணுப்பு அடங்கும். இரண்டும் ஒரே அளவாதலால் நிரலும் ஓடும். 64 பிட்டிலோ முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு போகும். முகவரி தற்செயலாகச் சிறிதாக அமைந்த ஓட்டங்களில் மட்டும் ஒன்றும் நேராது. கொடுமை அதுதான்.

டெபியன் கதை இதனினும் பெரிது. அங்கு எச்சரித்தது கம்பைலர் அன்று, வால்கிரைண்ட் என்னும் நினைவகச் சோதனைக் கருவி. அதன் முறையீட்டை அடக்க 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் இரு வரிகள் நீக்கப்பட்டன. மறைக்குறிகளுக்கான தற்செயல் மூலமாக எஞ்சியது செயல்முறை எண் மட்டுமே: 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் வரை எவரும் அறியவில்லை.

எல்லா எச்சரிக்கையும் மெய்யன்று என்பதும் உண்மையே. தொடக்கமதிப்பு பெறாத மாறி பற்றிய எச்சரிக்கை தரவோட்டப் பகுப்பாய்விலிருந்து பிறப்பது. மேம்படுத்தல் நிலையை மாற்றினால் அதுவும் மாறும். ஐ.ஐ.டி. பம்பாயின் உதய் கேட்கரும் உடனாசிரியர்களும் 2009இல் இத்துறை பற்றி வெளியிட்ட நூலைப் புரட்டியவர், பொய் எச்சரிக்கைகள் ஏன் தவிர்க்கவியலாதவை என்பதை உணர்வர். எஸ்க்யூலைட் உருவாக்குநர்களோ, எச்சரிக்கையின்றிக் கம்பைல் செய்ய முயன்றதால் புகுந்த பிழைகளே பகுப்பாய்வுக் கருவிகள் கண்டுபிடித்தவற்றினும் மிகுதி என்று வெளிப்படையாகவே சொல்கின்றனர்.

ஆகவே எச்சரிக்கை அனைத்தையும் பிழையாக்கும் ‘வெர்ரர்’ விருப்பத்தேர்வும் மருந்தாகாது. 2021இல் லினக்ஸ் கருவில் டோர்வால்ட்ஸ் அதை எல்லோருக்கும் இயல்பாக்கிய சில நாள்களிலேயே சோதனைக் கம்பைல்களுக்கு மட்டும் எனச் சுருக்க நேர்ந்தது. நிரலகத்தை உருவாக்குவோர் தம் கணினியில் அதை வைத்துக்கொள்ளலாம். பயனர் மீது சுமத்துதல் தகாது. வேண்டுவது எளிது. ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் தனி மாற்றம், அடக்கினால் காரணம் கூறும் ஒரு வரி, அச்செயற்கூறை அறிந்தவரின் ஒப்புதல். நூறு எச்சரிக்கைகளை ஒரே நாளில் துடைத்த மாற்றத்தை எந்தப் பேராசிரியரும் ஏற்கலாகாது.

காலமும் குறுகிவிட்டது. அறிவிக்கப்படாத செயற்கூறை அழைப்பதை 1999ஆம் ஆண்டுத் தரநிலையே நீக்கியது, ஜி.சி.சி. எச்சரித்து எச்சரித்துப் பொறுத்துவந்தது. 2024இல் வந்த 14ஆம் பதிப்பு அதைப் பிழையாகவே அறிவிக்கிறது. ஆய்வகக் கணினிகள் புதுப்பிக்கப்படும் நாளில் பழைய நிரலகங்கள் பல கம்பைலாகாமல் நிற்கும். அவ்வரிகளை எழுதியவரோ பட்டம் பெற்று எப்போதோ சென்றிருப்பார்.